கார் ஹாரன் அடிக்கவில்லையா? ‘டிக்’ சத்தத்திலிருந்து தொடங்குங்கள்

ஸ்டீயரிங் நடுவில் ஓங்கி அழுத்துகிறீர்கள். உள்ளங்கைதான் வலிக்கிறது, வண்டி வாயைத் திறப்பதாக இல்லை. உடனே புது ஹாரன் வாங்கத் தோன்றும். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று புதியதை மாட்டி அழுத்தினால் அதே மௌனம். அரை நாள் தேடிய பிறகு பார்த்தால், ஹாரனைத் தாங்கும் பட்டைக்கும் பாடிக்கும் நடுவே பெயின்ட். முன்பக்கம் இடிபட்டு வேலை பார்த்தபோது போல்ட் உட்காரும் இடத்திலும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள். எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்ததும் அலறியது. எறிந்த ஹாரனை எடுத்துவந்து மாட்டிப் பார்த்தேன், அதுவும் அலறியது.

அன்றிலிருந்து ஹாரன் பழுது என்றால் ஹாரனிடம் முதலில் போவதில்லை. ரிலேவிடம், அதாவது ஹாரனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்ன சுவிட்ச் பெட்டியிடம் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மின்சாரம் போகும் வழி

பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக மின்சாரம் ரிலேவுக்கு வந்து காத்திருக்கிறது. நீங்கள் அழுத்தும் பொத்தான் ஹாரனுக்கு நேரடியாக எதையும் அனுப்புவதில்லை. பெரும்பாலான கார்களில் அது செய்வதெல்லாம் ரிலேவின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கு) எர்த் கொடுப்பது மட்டும்தான். அதற்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். எர்த் கிடைத்த கணத்தில் ரிலேவின் உள்ளே கான்டாக்ட் ‘டிக்’ என்று ஒட்டிக்கொள்ளும். அதன் வழியாக ஹாரனுக்கு வேண்டிய 4 அல்லது 5 ஆம்பியர் பாயும். இரண்டு ஹாரன் இருந்தால் இரண்டு மடங்கு. ஹாரனிலிருந்து பாடி வழியாகத் திரும்பவும் பேட்டரியின் நெகட்டிவ்.

ஆக, பாதை இரண்டு. பொத்தானிலிருந்து ரிலே வரை ஒன்று, ரிலேவிலிருந்து ஹாரன் வரை இன்னொன்று. பழுது எந்தப் பாதையில் என்று தெரிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. அதைச் சொல்லக்கூடியது நடுவில் நிற்கும் அந்தச் சின்னப் பெட்டிதான்.

புதிய கார்களில் பொத்தான் ஒரு கன்ட்ரோல் யூனிட்டிடம் (வண்டிக்குள் இருக்கும் சின்னக் கணினியிடம்) சொல்ல, அந்த யூனிட் ரிலேவை இயக்கும். சிலவற்றில் ரிலே தனியாகக் கழற்ற முடியாதபடி போர்டிலேயே இருக்கும். அந்த வண்டிகளுக்கும் கீழே சொல்வது பெருமளவு பொருந்தும். எங்கே பொருந்தாதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

பானட்டைத் திறக்கும் முன்

உங்கள் காரில் சாவி போடாமலே ஹாரன் அடிக்குமா, சாவி ஆனில் இருந்தால்தான் அடிக்குமா? இரண்டு விதமும் உண்டு. முதலில் சாவியை ஆன் செய்தே எல்லாச் சோதனையையும் செய்யுங்கள். இந்தச் சின்ன விஷயத்தில் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பேட்டரி இறங்கியிருந்தால் ஹாரன் கம்மிப்போகும், அல்லது ஊமையாகும். ஆனால் அப்போது ஹெட்லைட்டும் மங்கும், ஸ்டார்ட்டரும் இழுக்கும். அவை நன்றாக இருந்தால் பேட்டரியை விட்டுவிடலாம். மீட்டர் இருந்தால் எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

அடுத்து, ரிமோட்டால் கதவைப் பூட்டும்போதோ அலாரம் அடிக்கும்போதோ உங்கள் காரின் ஹாரன் ஒலிக்குமா? ஒலிக்கும் வண்டி என்றால் அதிர்ஷ்டம். அலாரத்தைக் கிளப்பிப் பாருங்கள். ஹாரன் அலறினால் ஹாரன், அதற்குப் போகும் வயர், எர்த் எல்லாம் நன்றாக இருக்கின்றன. பழுது ஸ்டீயரிங் பக்கம். சில கார்களில் அலாரத்துக்குத் தனி சைரன் இருக்கும், அந்தச் சத்தத்தை ஹாரன் என்று நம்பி ஏமாற வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஏதாவது ஒரு கோணத்தில் மட்டும் ஹாரன் அடிக்கிறதா? டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறதா? ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான்களும் செத்துவிட்டனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ரிப்பன் கேபிள்) மேல் விழும். மழைக்குப் பிறகு ஊமையாகி, காய்ந்ததும் பேசுகிறது என்றால் முன்பக்கக் கனெக்டரிலோ ஹாரனுக்குள்ளோ தண்ணீர் போகிறது.

பியூஸ்

பியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் படம் இருக்கும். ஹாரன் பியூஸ் வழக்கமாக 10 முதல் 20 ஆம்பியருக்குள்: 10 என்றால் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சில கார்களில் ஹசார்ட் விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒரே பியூஸ்தான். அப்படிப்பட்ட வண்டியில் இரண்டும் சேர்ந்து போயிருந்தால் மேலே தேடவே வேண்டாம்.

பியூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பதைவிட, மாட்டியபடியே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லாம்ப் (ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி உள்ள சோதனை விளக்கு) வைத்துப் பாருங்கள். டெஸ்ட் லாம்பின் கிளிப் பேட்டரி நெகட்டிவில். இரண்டு புள்ளியிலும் எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் பியூஸுக்கே மின்சாரம் வரவில்லை. பியூஸின் கம்பி முடியளவு விரிசல் விட்டிருக்கும்போது கண் ஏமாந்துவிடும், லாம்ப் ஏமாறாது.

புது பியூஸ் போட்டதும் அதுவும் எரிந்ததா? பெரிய பியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். பியூஸ் காப்பாற்றுகிற வயரே அப்புறம் எரியும். ஹாரன் இரண்டின் கனெக்டரையும் கழற்றிவிட்டு, அதே அளவு பியூஸ் போட்டு, பொத்தானை அழுத்துங்கள். பியூஸ் தாங்கினால் ஒரு ஹாரனை மட்டும் மாட்டி அழுத்துங்கள், அப்புறம் மற்றதை. எதை மாட்டும்போது எரிகிறதோ அந்த ஹாரனுக்குள் ஷார்ட். இரண்டும் கழற்றியிருக்கும்போதே எரிந்தால் வழியில் எங்கோ வயர் உரசி உலோகத்தில் படுகிறது. பம்பர் பிராக்கெட்டின் ஓரம், ரேடியேட்டர் சட்டத்தின் முனை, இந்த இரண்டு இடங்களை முதலில் பாருங்கள்.

ரிலேவின் ‘டிக்’

இதுதான் முக்கியமான கட்டம். ஒருவர் ஹாரனை அழுத்தட்டும். நீங்கள் ரிலே மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் போனில் ரிலேவுக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவு ஓட விட்டு நீங்களே போய் அழுத்தலாம். எஞ்சின் ஓடக்கூடாது, ரேடியோ கூடாது, ஏசி கூடாது. பேனாவை மேசையில் லேசாகத் தட்டினால் வருமே, அந்த அளவு சத்தம்தான் வரும். காதுக்குக் கேட்காவிட்டாலும் விரல் நுனிக்குத் தெரியும்.

‘டிக்’ வந்தால் பொத்தான் பக்கம் சரி. ரிலேவின் கான்டாக்ட், ஹாரன் வயர், ஹாரன், எர்த் ஆகியவற்றில் ஒன்றுதான் பழுது. ‘டிக்’ வராவிட்டால் ரிலேவின் காயில் போயிருக்கலாம், இல்லையேல் பொத்தான் பக்கத்தில் கோளாறு.

பக்கத்தில் அதே எண் போட்ட வேறு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கால்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் போதாது, மேலே அச்சிட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றியதும் ஹாரன் அடித்தால் கதை முடிந்தது.

இல்லையென்றால் ரிலேவைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த நாலு துளைகளைப் பாருங்கள். ரிலேவின் அடியில் எண்கள் இருக்கும். 30 பேட்டரி மின்சாரம் வரும் கால், 87 ஹாரனுக்குப் போகும் கால், 85-ம் 86-ம் காயில். சின்ன ரிலேக்களில் 1, 2, 3, 5 என்று இருக்கும். பெரும்பாலும் 1-ம் 2-ம் காயில், 3-ம் 5-ம் கான்டாக்ட். பக்கவாட்டில் சின்னப் படமும் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரிலேவைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும்போது இடம் வலமாக மாறுகிறது என்பதை மறக்க வேண்டாம். நான் மறந்திருக்கிறேன்.

இப்போது நடுவே பியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் 30-ன் துளையையும் 87-ன் துளையையும் ஒரு நொடி இணையுங்கள். ஹாரன் அலறினால் முன்பக்கப் பாதை முழுவதும் சரி. அலறாவிட்டால் பழுது முன்பக்கத்தில். காயில் துளைகளில் இந்த வயரைச் செருகவே கூடாது. கன்ட்ரோல் யூனிட் உள்ள வண்டியில் அந்தத் தவறு யூனிட்டையே கொல்லக்கூடும்.

முன்பக்கம்: வயர், எர்த், ஹாரன்

ஹாரன் பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், அல்லது பம்பருக்குள் ஓர் ஓரத்தில் இருக்கும். சேறும் தண்ணீரும் நேராக வந்து அடிக்கும் இடம். கை விடும் முன் ஓர் எச்சரிக்கை: ரேடியேட்டரின் எலக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் ஓடாதபோதும் சுற்றத் தொடங்கலாம். சூடான எஞ்சினோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். ஹாரன் முகத்துக்கு நேரே காதைக் கொண்டுபோகவும் வேண்டாம்.

கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்னக் கம்பி பிரஷ்ஷால் பித்தளை தெரியும் வரை தேயுங்கள். கால்கள் தளர்ந்திருந்தால் மூக்குக் குறடால் லேசாக நெரித்து இறுக்குங்கள்.

சுத்தமாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை நம்பிப் பலர் வழுக்கி விழுவது இங்கேதான். கனெக்டரில் மீட்டரை வைத்து, ஹாரனை அழுத்தச் சொல்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. “மின்சாரம் வருகிறது, ஹாரன்தான் போய்விட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வயருக்குள் முப்பது இழைகளில் இருபத்தொன்பது அரித்துப் போய் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றும் இழுப்பதில்லை. ஹாரன் 5 ஆம்பியர் கேட்கும்போது அந்த ஓர் இழையால் தர முடியாது.

அதனால் சுமை வைத்துப் பார்க்க வேண்டும். நான் வைத்திருப்பது பழைய பிரேக் லைட் பல்பு ஒன்று, 21 வாட். ஹோல்டரில் இரண்டு வயர், இரண்டு கிளிப், அவ்வளவுதான். ஹாரன் கனெக்டரின் இரண்டு கால்களிலும் அதை மாட்டி பொத்தானை அழுத்தச் சொல்வேன். (ரிலே திரும்ப இடத்தில் இருக்க வேண்டும், ‘டிக்’ இல்லாத வண்டி என்றால் 30-87 வயர்.) பல்பு வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் நன்றாக வருகின்றன, ஹாரன்தான் போயிருக்கிறது. மங்கலாக, சிவப்பாக மினுங்கினால் வழியில் அரிப்பு. எரியவே இல்லையென்றால், பல்பின் எர்த் கிளிப்பை மட்டும் கழற்றி நேராகப் பேட்டரி நெகட்டிவில் மாட்டுங்கள். இப்போது எரிந்தால் எர்த் பழுது. அப்போதும் எரியாவிட்டால் ரிலேவின் கான்டாக்ட் அல்லது அங்கிருந்து வரும் வயர். மங்கலாக எரியும்போதும் இதே கிளிப் மாற்றம் எந்தப் பக்கம் என்று காட்டிவிடும்.

சில ஹாரன்களில் ஒரே ஒரு வயர்தான் இருக்கும். அவற்றுக்குத் தாங்கும் பட்டையும் போல்ட்டும்தான் எர்த். போல்ட்டைக் கழற்றி, பட்டையின் இரு பக்கமும் பாடியில் உட்காரும் இடமும் உலோகம் மின்னும் வரை தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி இறுக்குங்கள். என் பழைய கதை இந்த இடத்தில்தான் நடந்தது.

ஹாரனைத் தனியாகச் சோதிக்க, பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வைத்த வயர் ஒன்று, நெகட்டிவிலிருந்து ஒன்று. நெகட்டிவை முதலில் மாட்டி, பாசிட்டிவை ஹாரனின் காலில் தொடுங்கள். ஹாரனுக்குள் ஒரு மின்காந்தமும், மெல்லிய எஃகுத் தகடும், ஒரு ஜோடி கான்டாக்டும் இருக்கின்றன. காந்தம் தகட்டை இழுக்கும்போது கான்டாக்ட் பிரியும், தகடு திரும்பி வரும், மறுபடி இழுக்கும். நொடிக்கு 400, 500 தடவை இப்படி நடப்பதைத்தான் நாம் சத்தமாகக் கேட்கிறோம்.

தொட்டதும் பொறி பறக்கிறது, உள்ளே ஒரு முறை ‘டக்’ என்கிறது, அதோடு சரி என்றால் கான்டாக்ட் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொறியே இல்லை என்றால் கான்டாக்ட் அரித்திருக்கிறது அல்லது காயில் அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம்: ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் உடலில் இரண்டு தட்டு. பின்புறம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், சிலவற்றில் மேலே பசை அல்லது பெயின்ட் வைத்து மூடியிருப்பார்கள். அது எங்கே இருந்தது என்று மார்க்கரால் குறித்துக்கொண்டு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நொடிதான் தொட வேண்டும். குரல் தெளிந்தால் நல்லது. ஆனால் இப்படி உயிர் பெற்ற ஹாரனை நான் நம்புவதில்லை. உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

புதியதை மாட்டும்போது அதனுடன் வரும் எஃகுப் பட்டையோடு மாட்டுங்கள். அது கொஞ்சம் அசைய வேண்டும். ஹாரனின் உடல் வேறு எதையும் தொட்டால் குரல் அமுங்கிப்போகும். நத்தை வடிவ ஹாரன் என்றால் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே தண்ணீர் நிறைந்துவிடும். கூடுதல் சத்தத்துக்காக வாங்கும் ஹாரன் பழையதைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி ரிலேவும் தடித்த வயரும் போடாமல் பழைய கனெக்டரில் செருகினால் மறுபடி இந்தக் கட்டுரையின் முதல் வரிக்கே வருவீர்கள்.

பின்பக்கம்: பொத்தானும் கிளாக் ஸ்பிரிங்கும்

‘டிக்’ வரவில்லை, ரிலேவும் நல்லது. இப்போது ரிலே கழற்றிய நிலையில், காயில் துளைகளில் ஒன்றில் மின்சாரம் இருக்க வேண்டும் (சாவி ஆனில்). மற்றதற்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பொத்தானை அழுத்தாதபோது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். அழுத்தினால் சில ஓம்களுக்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பொத்தானிலிருந்து இங்கே வரும் வழியில் அறுந்திருக்கிறது. கன்ட்ரோல் யூனிட் இயக்கும் ரிலே என்றால் இந்த ஓம் சோதனை பயன்படாது. அங்கே ஸ்கேன் டூலில் (கன்ட்ரோல் யூனிட்டோடு இணைத்துப் பார்க்கும் கருவியில்) ஹாரன் சுவிட்ச் அழுத்தப்படுவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கிளாக் ஸ்பிரிங் என்பது பட்டையான ரிப்பன் கேபிள், கடிகார ஸ்பிரிங்போல் சுருட்டி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். சுழலும் ஸ்டீயரிங்குக்கும் சுழலாத தண்டுக்கும் நடுவே ஹாரன், ஏர்பேக், ஆடியோ பொத்தான்கள் எல்லாவற்றின் வயரும் அதற்குள்தான் போகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுருண்டு விரிந்து, ஆண்டுகள் போகப்போக ஒரு இழை விரிசல் விடும். பழைய கார்களில் இதற்குப் பதில் செப்பு வளையமும் அதில் உரசும் பிரஷ்ஷும் இருக்கும். அங்கே சுத்தம் செய்தாலே போதும்.

ஏர்பேக் இல்லாத பழைய ஸ்டீயரிங் என்றால் நடு மூடியைக் கழற்றி, பொத்தானின் கான்டாக்டைத் தேய்த்து, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஏர்பேக் இருந்தால் நான் இங்கே கையை எடுத்துவிடுவேன். அது வெடித்து விரியும் பொருள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் மின்சுற்றில் கொஞ்ச நேரம் மின்சாரம் மிச்சமிருக்கும். தெரிந்தவர்கள்கூட நெகட்டிவைக் கழற்றி, கார் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்துதான் தொடுவார்கள். ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டர் எதிலும் மல்டிமீட்டரோ டெஸ்ட் லாம்போ வைக்கக் கூடாது. கழற்றிய ஏர்பேக்கைக் கீழே வைக்கும்போது மூடி மேல்நோக்கி இருக்க வேண்டும், கவிழ்த்து வைக்கக் கூடாது. புதிய கிளாக் ஸ்பிரிங்கை மாட்டும்போது சக்கரங்கள் நேராகவும், ஸ்பிரிங் நடுநிலையிலும் இருக்க வேண்டும். நடு தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே ரிப்பன் அறுந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒன்று உண்டு: யாரும் தொடாமலே ஹாரன் கத்திக்கொண்டே இருப்பது. நடு இரவில் நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது, முதலில் ரிலேவைப் பிடுங்குங்கள், கையில் அகப்படாவிட்டால் பியூஸை. அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். ரிலேவின் கான்டாக்ட் ஒட்டியிருக்கும், அல்லது ஸ்டீயரிங் மூடி சரியாக உட்காராமல் பொத்தான் அழுந்தியபடியே இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நிறுத்தியபடியே எஞ்சினை ஓட விட்டு, ஸ்டீயரிங்கை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வழியில் ஐந்தாறு இடங்களில் ஹாரனைச் சின்னதாக ஒரு தட்டு தட்டுங்கள். இரண்டு ஹாரன் உள்ள வண்டியில் ஒருவரை முன்னால் நிற்க வைத்து, ஒரு கட்டைக் குரலும் ஒரு கீச்சுக் குரலும் சேர்ந்து கேட்கிறதா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் கேட்டால் மற்றதன் கனெக்டரைச் செருக மறந்திருப்பீர்கள்.